மேலே வந்த கதை

குலுக்கலுக்கு முந்தின நாள் கீழடுக்கில் எல்லோரும் வீட்டைக் கழுவி வைப்பார்கள். அடுத்து அங்கே குடிவரப்போவது யார் என்று தெரியாது. ஆனாலும் சமையல் மேடையைத் துடைத்து, கதவுக்குப் பின்னால் ஒரு புது முகமூடியை மாட்டி வைப்பது வழக்கம். மறுநாள் நான்கில் மூன்று வீட்டார் அதே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, அந்த முகமூடியைத் தாங்களே போட்டுக்கொள்வார்கள்.

செவ்வாயில் எங்கள் குடியிருப்பு எரிமலைக் குழம்பு ஓடி வற்றிய ஒரு பழைய குகைக் குழாய்க்குள் இருந்தது. மேலடுக்கில் இருநூறு வீடுகள், கீழடுக்கில் அறுநூறு. செவ்வாய் ஆண்டுக்கு ஒருமுறை, பூமிக் கணக்கில் ஏறக்குறைய இருபத்திமூன்று மாதங்களுக்கு ஒருமுறை, எண்ணூறு வீட்டு எண்களும் சிதைவுப்பொறிக்குள் போகும். ஒரு கதிரியக்கத் துண்டிலிருந்து துகள்கள் தெறிக்கும் கணங்களை வைத்து அது இருநூறு எண்களைப் பொறுக்கும். அதை யாராலும் ஏமாற்ற முடியாது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும்.

மேலடுக்குக்குப் போகும் காற்று இரண்டு தூசிவடிகளைத் தாண்டிப் போகும். கீழே வருவது ஒன்றை மட்டும். மேலே தோட்டமும் உண்டு. நான்கு குலுக்கலாக எங்கள் வீட்டு எண் வரவில்லை.

என் மனைவி செந்தூர்கனி வாசலறையில் வேலை பார்த்தாள். வெளியே போய்த் திரும்புகிறவர்களின் காப்புடையிலிருந்து தூசியைத் துடைத்தெடுக்கும் வேலை. அந்தத் தூசி மாவைவிட நுண்ணியது. நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. செந்தூர்கனி இதே காற்றில் இன்னொரு ஆண்டு தாங்கமாட்டார், இரண்டு வடி தாண்டிய காற்று கிடைத்தால் நெடுநாள் இருப்பார் என்று மருத்துவர் என்னிடம் சொன்னார். நோயாளியை மேலே மாற்ற விதி இல்லை. அது குலுக்கலின் நேர்மையைக் கெடுத்துவிடுமாம்.

அந்த ஆண்டுதான் கீழடுக்குக்கும் இரண்டாவது தூசிவடி வேண்டும் என்ற பொதுக்கேள்வி வாக்குக்கு வந்தது. வீட்டுக்கு ஒரு வாக்கு; எங்கள் வீட்டில் அது என் பெயரில் இருந்தது. அந்த வடி ஈரத்தில் இயங்குவது. மேலடுக்குத் தோட்டத்துக்குப் போகும் தண்ணீரில் பாதியை அதற்குத் திருப்ப வேண்டும். செந்தூர்கனி வேலை முடிந்து வந்ததும் வீடு வீடாகப் போனாள். இரண்டு கதவுக்கு ஒருமுறை நின்று இருமிவிட்டுப் பேசினாள்.

அடுத்த வீட்டு லிங்கதுரை ஆறு குலுக்கலாகக் கீழே இருப்பவர். அவருக்கும் இருமல் உண்டு. அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நல்ல விசயந்தான் தாயி. ஆனா அடுத்த தடவ நான் மேல போறப்ப தோட்டம் காஞ்சி கெடந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். அவர் கேலி செய்யவில்லை.

வீட்டில் நானும் அவளோடு வாதாடினேன். குலுக்கலில் ஒரு குறையும் இல்லை, ஆகவே அதில் வந்ததைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை என்பது என் கட்சி. பள்ளியில் அப்படித்தான் படித்திருந்தேன்.

"குலுக்கல நான் ஒண்ணும் சொல்லலயே" என்றாள் அவள். "எண்ணு விழாதவனுக்கு மூச்சு ஏன் பாதின்னுதான் கேக்கேன். அதையும் அந்தப் பொறியா சொல்லுச்சி?"

வாக்கெடுப்பு முடிந்த பன்னிரண்டாவது நாள் குலுக்கல் இருந்தது. நான்கு முறை தப்பிய எண் ஐந்தாவது முறை வந்தே தீரும் என்று எனக்குத் தோன்றியது. பொறிக்குப் போன முறை நினைவில் இருக்காது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அவளைத் தோட்டத்து மரத்தடியில் மனதுக்குள் உட்காரவைத்துப் பார்த்துவிட்டேன். அந்த மரம் வாடக்கூடாது என்று வேண்டாம் பக்கம் வாக்களித்தேன்.

கேள்வி தோற்றது. மேலடுக்கின் வாக்குகளை முழுக்கக் கழித்துவிட்டு எண்ணினாலும் தோற்றிருக்கும். கீழே அறுநூறு வீடுகளில் நானூற்றுப் பத்து வீடுகள் வேண்டாம் என்றிருந்தன.

செந்தூர்கனி திரையில் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "இருநூறு வீட்டுக்கு நானூத்திப் பத்து வீட்டாளு கெளம்பிட்டாங்க போல. எடம் பத்துமாங்க?"

சிரிப்பு இருமலாகி அடங்க நேரமாயிற்று. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "ஒங்களையும் சேத்துத்தான்" என்றாள். அதற்குமேல் அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. எந்தப் பக்கம் வாக்களித்தேன் என்று அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

குலுக்கலில் எங்கள் எண் வரவில்லை. லிங்கதுரை எண்ணும் வரவில்லை. முந்தின நாள் கதவுக்குப் பின்னால் மாட்டிய முகமூடியை அவளே எடுத்துப் போட்டுக்கொண்டாள். அதன்பின் ஐந்தாம் மாதம் இறந்தாள். வாசலறையில் அவள் இடத்துக்கு வேறு ஆள் போட்டார்கள். நான் வேலைக்குப் போனேன், வந்தேன். அடுத்த குலுக்கலுக்கு முந்தின நாள் வீட்டைக் கழுவினேன். மறுநாள் எங்கள் எண் வந்தது.

மேலே ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்தவர்களைத் தோட்டத்துக்கு அழைத்து, தேநீர் கொடுத்து, ஒவ்வொருவரையும் மேலே வந்த கதையைச் சொல்லச் சொல்வார்கள். கீழே இருந்தபோது இதைக் கேள்விப்பட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம். பொறி பொறுக்கிய எண்ணுக்கு என்ன கதை?

ஆனால் கதை இருந்தது. விடிவதற்குமுன் எழுந்துவிடுவேன் என்றார் ஒருவர். கீழே இருந்தபோதும் மேலே இருப்பவளைப்போலத்தான் நினைத்துக்கொள்வேன் என்றாள் ஒரு பெண். அவர்கள் மேலே வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. பொய் சொல்லும் முகம் யாருக்கும் இல்லை.

என் முறை வந்தது. அழைத்தவர் ஒரு பெரியவர், பழையபடி மேலேயே எண் விழுந்தவர். "சொல்லுங்க தங்கப்பழம், கூச்சப்படாதீங்க" என்றார்.

எண் விழுந்தது என்று சொல்லத்தான் எழுந்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். மரங்கள் பச்சையாக இருந்தன.

"அஞ்சு குலுக்கல் தப்பிப் போச்சு. மனசு தளராம இருந்தேன்" என்றேன்.

கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்த பெண் என் கோப்பையை நிரப்பிவிட்டு, "வீட்ல கூட வரலியா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல. அவளுக்குக் கொஞ்சம் பொறுமை பத்தல."

புரிகிறது என்பதுபோல் அவள் தலையசைத்தாள். நான் தேநீரைக் குடித்தேன். அதில் தூசியின் ருசி துளியும் இல்லை.