உங்க சட்டை எந்த ஊரு?

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர்த் தேக்காவில் நடந்து போகும் தமிழனை எந்த நற்காரியத்தாலும் நிறுத்த முடியாது. நிலமே நடுங்கினாலும் முருங்கைக்காய் வாங்கிவிட்டுத்தான் ஓடுவான். இது இளமாறன் தன் இருபத்திரண்டு ஆண்டு வாழ்நாள் ஆராய்ச்சியில் கண்டறிந்த உண்மை. பல்கலைக்கழகத் தமிழ் இணைய இதழில் நையாண்டிப் பத்தி எழுதுகிறவன் ஆதலால், இதைச் சிரிக்காமல் சொல்வான். கையில் அட்டையோடு வழிமறிக்கும் தொண்டூழியர்களிடம் ஒருமுறைகூடச் சிக்காத ஒரே சிங்கப்பூரர் தான்தான் என்றும் சேர்த்துக்கொள்வான்.

அந்தப் பெருமையை ஒரு நவம்பர் மழை கரைத்தது. அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது... இன்றும் தூறல் விழுந்தால் அவனுக்குப் பிடரி சிலிர்க்கிறது.

அன்று தேக்காவின் கேம்பல் லேனில் பாதி வழியில் வானம் கொட்டியது. பூக்கடைப் பக்கம் ஒதுங்க ஓடியவன் ஒரு மடக்கு மேசையில் போய் மோதினான். மேசையின் ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதுகூட அவனுக்கு மறக்கவில்லை. மேசை மேல் உலக வரைபடம். சிங்கப்பூரிலிருந்து நாலாபக்கமும் வண்ண நூல்கள். வரைபடத்துக்குப் பின்னால் மூன்று பெண்கள். அவர்களில் ஒருத்திக்கு... ஏதோ சொல்லப்போவது போலவே இருக்கும் கண்கள்.

"அண்ணா, ஒரு நிமிஷம்."

அந்த 'அண்ணா' தேவையில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

"காசெல்லாம் இல்ல லா."

"யாரு கேட்டா? உங்க சட்டை எந்த ஊரு?"

"செங்காங். நானும் அங்கதான்."

"வாங்கின ஊரு இல்ல, தைச்ச ஊரு. காலர்ல லேபிள் இருக்கும், பாருங்க."

போட்டிருக்கும் சட்டையின் காலரைத் தானே படிக்க எந்த மனிதனுக்கும் கழுத்து போதாது. இளமாறன் வாலைத் துரத்தும் பூனை மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினான். அவள் சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டாள்.

"நான் பாக்கவா?"

தலையாட்டினான். ஈர விரல்நுனி பிடரியில் பட்டது... அவ்வளவு மழையும் சத்தமில்லாமல் பெய்தது.

"பங்ளாதேஷ். நம்ம வயசுப் பொண்ணு யாராச்சும் தைச்சிருக்கலாம். அவளுக்கு என்ன சம்பளம், எத்தன மணி நேர வேலை, நமக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு தோணினாப் போதும். அதுக்குத்தான் இந்த மேசை." பச்சை நூலை நீட்டினாள். "டாக்கா வரைக்கும் நீங்களே கட்டுங்க."

அவளைப் பார்த்துக்கொண்டே கட்டியதில் முதல் முடிச்சு மியன்மாரில் விழுந்தது.

அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் பெயர் இருந்தது: பெதானி. வாரம் தவறாமல் தேவாலயத்தில் தமிழ் ஆராதனை முடிந்து நேராக இங்கே வந்துவிடுவாளாம்.

வீடு திரும்பிய பிறகுதான் இளமாறனுக்குத் தன் கௌரவம் நினைவுக்கு வந்தது. சிக்கிவிட்டோமே! பயந்த ஆண்பிள்ளை செய்வதைச் செய்தான்... கேலி எழுதினான். தலைப்பு: 'காலரைப் பிடிக்கும் கருணை.' அவன் எழுதியதிலேயே அதிகம் பேர் பகிர்ந்தது அதைத்தான்.

அடுத்த ஞாயிறு முருங்கைக்காய் வாங்குகிற சாக்கில் போனான். மேசைக்குப் பின்னால் பெதானி மட்டும் நின்றிருந்தாள்.

"வாங்க எழுத்தாளரே."

'அண்ணா' போய்விட்டது. அதைவிட மோசமான ஒன்று வந்திருந்தது.

"படிச்சீங்களா?"

"என் ஃபிரெண்ட்ஸும் படிச்சாங்க. காலேஜ்ல எல்லாரும் அவங்க காலரை இழுத்து இழுத்துச் சிரிக்கிறாங்களாம். இனிமே வர மாட்டாங்க. இன்னிக்குள்ள நூறு நூல் சேரலன்னா எங்க அமைப்பு இந்த மேசையை எடுத்துடும். தேக்காவுல யாரும் நின்னு பேச மாட்டாங்கன்னு அவங்களும் உங்கள மாதிரியே நம்புறாங்க."

"இப்ப எத்தன?"

"எழுபத்தொண்ணு."

இளமாறன் வரைபடத்து நூல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தான்.

அப்போது ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். கிராஞ்சி விடுதியில் தங்கியிருக்கும் கட்டுமான ஊழியர், பெயர் சின்னராசு. கையில் பிரிக்காத பனியன் பொட்டலம்.

"தங்கச்சி, போன வாரமே கேக்கணும்னு நெனச்சேன், கூச்சமாப் போச்சு. இத இங்கதான் வாங்கினேன். இந்தியான்னு போட்டிருக்கு. திருப்பூரா இருக்குமாம்மா? என் வீட்டுக்காரி அங்க பனியன் கம்பெனில ஓவர்லாக் தையல் மிஷின்ல உக்கார்றா. அவ கை பட்டதா இருக்கலாம்ல?"

"இருக்கலாண்ணே..." பெதானி நூல்களை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் மஞ்சள் நூலை எடுத்தார். உலக வரைபடத்தில் திருப்பூரைக் காணோம். இளமாறன் குனிந்து விரல் வைத்தான்.

"கோயம்புத்தூருக்குக் கொஞ்சம் கிழக்க, அண்ணே. இங்க."

சின்னராசு முடிச்சுப் போட்டார். நூலை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருமுறை தடவிப் பார்த்தார். பனியனை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார்.

இளமாறன் பெதானி பக்கம் திரும்பினான்.

"அந்தப் பத்திய எடுத்துடறேன்."

"சிரிச்சவங்க சிரிச்சதுதானே?"

"தெரியும். மன்னிச்சிடுங்க, பெதானி. நீங்க லேபிள் பாத்தீங்கல்ல... அப்பவே நான் விழுந்துட்டேன். அத வெளிய காட்டிக்கப் பயந்துதான் ஊரையே கிண்டல் பண்ணேன். இன்னிக்கும் காய் வாங்க வரல. செங்காங்லயே எல்லாம் கிடைக்குது. உங்களப் பாக்கத்தான்..."

அவள் நூல்கண்டைத் தேவையில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தாள். கண்கள் மட்டும் நிமிரவில்லை.

"இருபத்தெட்டு நூல் பாக்கி இருக்கு. இப்பப் போய் லவ்வு சொல்றீங்க?"

"அப்ப சாயங்காலம் சொல்லவா?"

"அதான் சொல்லிட்டீங்களே..." சட்டென்று கண்கள் நிமிர்ந்தன, அவன் கண்களில் ஒரு கணம் தங்கின. "பதில் நான்தான் சொல்லணும். மேசையைக் காப்பாத்திட்டுச் சொல்றேன்."

இளமாறன் மேசை மேலிருந்த தொண்டூழியர் அட்டையை எடுத்துக்கொண்டு தூறலில் இறங்கினான். ஏழு பேர் அவனைத் தூணைப் போலச் சுற்றிக்கொண்டு போனார்கள். எட்டாவதாகக் குடையோடு ஓர் அம்மாள் வேகமாக வந்தார். அவன் ஓர் அடி முன்னால் வைத்து, யாருக்கும் கேட்டுவிடாத குரலில் ஆரம்பித்தான்.

"அம்மா... ஒரே ஒரு நிமிஷம்..."

அம்மாள் நின்றார்.