நாத்தனார் சாட்சி

"நகத்தை ஒட்ட வெட்டினியா? எங்கே, காட்டு!"

விடிந்தும் விடியாததுமாக முற்றத்தில் நின்று நவூமி போட்ட சத்தத்தில் கோழிகள் காப்பிச் செடிகளுக்குள் ஓடி ஒளிந்தன. அடுப்பில் கொதித்த டீயை அப்படியே விட்டுவிட்டு வந்தாள் கெசியா. ஐம்பதைத் தாண்டிய பெண், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாத்தனார் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"பின்னலைப் பிரிச்சாச்சா? இடுப்பு மணி கழட்டினியா? உடம்புல ஒரு நூல் ஒட்டியிருந்தாலும் முங்கினது செல்லாது. நாங்கள்லாம் முறைக்காக முங்கறோம். நீ செஞ்ச பாவத்துக்கு முங்கற!"

"காலங்காத்தால ஏன் அத்தை அம்மாவை இப்படி...?" என்று ஆரம்பித்தாள் கெசியாவின் மகள் ஹதாசா.

"நீ சும்மா இரு. உன் தாத்தா எப்படிச் செத்தாருன்னு உனக்கென்ன தெரியும்!"

கெசியா பின்னலைப் பிரித்த தலையைத் திருப்பிக் காட்டினாள். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக இதே வசவுதான். கேட்டுக்கேட்டுக் காது மரத்துவிட்டது.

எம்பாலே ஊரை ஒட்டிய மலைச்சரிவில் வாழ்ந்த அந்த ஜனங்கள் தலைமுறைகளாகத் தாங்களாகவே சனிக்கிழமை ஓய்வு நாளைக் கைக்கொண்டு, தாங்கள் யூதர்கள் என்று சொல்லி வாழ்ந்தவர்கள். இப்போது கடல் தாண்டி யூத மதகுருமார்களான மூன்று ரபிகள் வந்திருந்தார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, ஓடையில் முங்கி எழுந்தால் உலகமும் ஒப்புக்கொள்ளும் என்றார்கள். "அப்போ இத்தனை நாளும் நாம யாராம்?" என்று சில கிழவர்கள் முறைத்துக்கொண்டார்கள். கடைசியில் சபை கூடி முடிவெடுத்தது. எல்லோரும் முங்க வேண்டும். முங்காதவர்களுக்குச் சபையின் இடுகாட்டில் இடமில்லை.

கெசியாவுக்கு வேண்டியது அந்த இடம் ஒன்றுதான். நாலு வருஷத்துக்கு முன் போன கணவன் எரியாசாவின் பக்கத்தில் ஓர் ஆள் படுக்க இடம் விட்டு வைத்திருந்தார்கள். ரபிகளின் கேள்விகளுக்கெல்லாம் நேற்றே திணறாமல் பதில் சொல்லிவிட்டாள். பாக்கி இருந்தது தண்ணீர் மட்டும்.

"இன்னொண்ணு," என்றாள் நவூமி. "சாட்சியா வந்த வெளிநாட்டம்மா படுத்த படுக்கையா கிடக்கறாங்க. மூங்கில் குருத்துக் குழம்பு ருசியா இருக்குன்னு வாங்கி வாங்கிச் சாப்பிட்டா வயிறு என்னாகும்? நேத்தே முங்கினவ நான்தானே... இன்னிக்குச் சாட்சியும் நான்தான்."

கெசியா நீட்டிய கைகளை இழுத்துக்கொண்டாள். சாட்சி என்றால் சும்மா கரையில் உட்கார்ந்திருப்பது இல்லை. துணியில்லாத உடம்பைக் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். தலைமுடி முதற்கொண்டு முழுசாகத் தண்ணீருக்குள் போனதா என்று பார்த்து, "கோஷேர்!", அதாவது முங்கினது செல்லும், என்று குரல் கொடுக்க வேண்டும். மூன்று முங்கலுக்கு மூன்று குரல் என்று, திரைக்கு வெளியே நிற்கும் ரபி அந்தக் குரலைத்தான் எண்ணுவார்.

"நான் வரல," என்றாள்.

"பார்த்தியா! குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுங்குது!" நவூமி கைகொட்டிச் சிரித்தாள். சிரித்த கண்ணிலேயே தண்ணீர் வந்துவிட்டது. "அன்னிக்கு அப்பா பாறைக்கடியில ஜெபம் பண்றார்னு வாயைத் திறந்தியே, அப்ப வராத வெக்கம் இப்ப எங்கிருந்துடி வந்தது?"

நடந்தது இதுதான். யூத ஜெபம் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டிருந்த காலம். ஒரு சனிக்கிழமை, மாமனார் எங்கே கூட்டம் கூட்டுகிறார் என்று கேட்டு அடியாட்கள் வந்தார்கள். எரியாசாவைக் கம்பத்தில் கட்டிவிட்டு, அவன் கண்ணெதிரே கெசியாவின் முதுகில் நீர்யானைத் தோல் சவுக்கால் அடித்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவனால்தான் தாங்க முடியவில்லை. "விடுங்க... பாறைக்கடியில இருக்கார்," என்று கத்திவிட்டான்.

சிறையிலிருந்து பாதி உயிராக வீடு வந்த கிழவர், தான் இருந்த இடத்தைச் சொன்ன வாயைச் சாகும்போது சபித்தார். எரியாசா எழுந்து பேசப் போனான். கெசியா அவன் கையை இறுக்கிப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். அண்ணன் சொல்லியிருக்க மாட்டான், அப்படியானால் வந்தவள்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று அன்றைக்கே நவூமி தீர்ப்பு எழுதிவிட்டாள். அன்று முதல் கெசியா கழுத்து மூடிய உடைதான் உடுத்தினாள். இருட்டிய பிறகுதான் குளித்தாள். அதற்கும் "பெரிய மகாராணி!" என்று ஏச்சு வாங்கினாள்.

இப்போது முங்கினால் முதுகுத் தழும்பு தெரிந்து எரியாசாவின் பேர் போகும். முங்காவிட்டால் அவன் பக்கத்தில் இடம் போகும்.

"அப்பா பக்கத்துல படுக்கணும்னு நீதானேம்மா சொல்லிக்கிட்டே இருந்தே..." ஹதாசாவின் குரல் உடைந்தது.

மகள் அழுவதைப் பார்க்கச் சகியாமல் கெசியா நடந்தாள்.

ஓடை மடுவைச் சுற்றிப் போர்வைகளைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். முகத்தை நாத்தனார் பக்கமே வைத்துக்கொண்டு, துணியைக் கரையில் போட்டுவிட்டு, பின்பக்கமாகவே நடந்து கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கினாள். குளிர் எலும்பைத் தொட்டது. மூச்சைப் பிடித்துக் குனிந்து முங்கினாள். முழுசாக முங்குகிறவளுக்கு முதுகை மறைக்க வழியில்லை. தெளிந்த ஓடை.

எழுந்தாள். சாட்சியின் குரல் வரவில்லை.

"என்னம்மா, முங்கினாங்களா?" திரைக்கு வெளியே ரபிக்காகக் கேட்டார் சபைப் பெரியவர்.

நவூமி கரையில் மண்டியிட்டிருந்தாள். "உன் முதுகு..." என்றாள். "அது சவுக்கு... அன்னிக்கா?"

கெசியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொன்னவளை ஏன் இப்படி அடிக்கணும்? நீ சொல்லல! சொல்லவே இல்ல நீ... அப்போ..." கணக்கு அவளாகவே போட்டுக்கொண்டாள். முகம் வெளுத்தது. "அண்ணனா?"

"அதைக் கேக்காதே நவூமி."

"என் அண்ணனா!"

"என்னை விட்டுடச் சொல்லித்தான் சொன்னாரு. அடி எனக்கு விழுந்தது... வலி அவருக்கு. செத்துப் போன மனுஷன். அவர் பேரை வெளிய எடுத்துடாதே, உன் கால்ல விழறேன்..."

நவூமி கட்டியிருந்த நல்ல உடுப்போடு தண்ணீரில் இறங்கிவிட்டாள். "பாவி நான்... எத்தனை பேச்சுப் பேசினேன்! ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லக் கூடாதா அண்ணி?" என்று கெசியாவை இறுகக் கட்டிக்கொண்டு கதறினாள். அண்ணி என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்து எத்தனையோ காலமாயிற்று. கெசியாவும் அழுதாள். அத்தனை வருஷத்து அழுகையும் அப்போதுதான் வந்தது.

வெளியே பெரியவர் தொண்டையைக் கனைத்தார்.

"விடு நவூமி," என்றாள் கெசியா மெதுவாக. "பிடிச்சுக்கிட்டா செல்லாது. உன் கை இருக்கிற இடத்துல தண்ணி படாதே."

நவூமி கையை எடுத்தாள். பின்வாங்கிக் கரையேறினாள். ஈரத்தைப் பிழியக்கூடத் தோன்றாமல் திரையைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"இதுவரைக்கும் முங்கினதை எண்ணாதீங்க ஐயா," என்று உரக்கச் சொன்னாள். "அண்ணி மேல தப்பில்ல. சாட்சி சரியாப் பார்க்கல. முதல்லேர்ந்து எண்ணுங்க."

பிறகு மடுவின் பக்கம் திரும்பினாள். இந்த முறை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"முங்குங்க அண்ணி."