கத்தரிக்காத துக்கம்

நினைவு நாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போதுதான், நாட்டில் யாருக்குமே அழுகை வரவில்லை என்பதை அமைதித் துறை கவனித்தது.

காரணம் ஆற்றி என்ற பொட்டு. தூத்துக்குடிக் கடலில் தேசத்தின் பெருமையாக மிதந்த வெற்றி நகர் போன வருடம் ஆறாயிரம் பேரோடு மூழ்கியது. துக்கம் கலவரமாகிவிடக் கூடாதென்று எல்லோர் காதுக்குப் பின்னாலும் அந்தப் பொட்டை ஒட்டினார்கள். நினைவு அப்படியே இருக்கும். வலி மட்டும் போய்விடும். இப்போது அஞ்சலி ஒத்திகையில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்குகிறது, கூட்டம் கொட்டாவி விடுகிறது. ஆற்றியைக் கழற்றிப் பார்த்தார்கள். போன வலி போனதுதான்.

ஒட்டிக்கொள்ள மறுத்தவள் ஜெசிந்தா ஒருத்திதான். துறைமுகத்து ஐஸ் ஆலையில் வேலை பார்த்தவள். அவள் தம்பி பெனிற்றோ வெற்றி நகரின் வெல்டர். நாற்பது பேரைப் படகில் ஏற்றிவிட்டு அங்கேயே மூழ்கிப்போனவன். ஆற்றியை மறுத்ததற்காக அவளைத் துரோகி என்றார்கள். வேலையும் போயிற்று.

அவள் வாசலுக்குத்தான் துறை இயக்குநர் வைகுந்தன் வந்து நின்றார்.

"உங்க துக்கத்தைப் பிரதியெடுத்து, நினைவு நாள் அன்னைக்கு எல்லாருக்கும் அனுப்பணும்மா. அஞ்சு நிமிஷம். நாட்டுக்காக."

"இதே துக்கத்துக்குத்தான என்னயத் துரோகின்னீக?"

அவர் தலை குனிந்தார். "அங்க என் மகளும் இருந்தா. பேரு ஞாபகம் இருக்கு, முகம் ஞாபகம் இருக்கு. வேற ஒண்ணும் வரல."

கதவைச் சாத்தப்போன கை நின்றது.

"நாடு எனக்கும் நாடுதான். தாரேன். ஆனா முழுசா எடுக்கணும். கத்தரிக்கப்பிடாது."

"கத்தரிக்க என்னம்மா இருக்கு?"

"அடித்தட்டுல விரிசல்னு எந்தம்பி மூணு தடவ எழுதிக் குடுத்தான். 'தொறப்பு விழா முடியட்டும்'னுட்டாங்க. நான் அழுதா அதுவும் சேந்துதான் வரும்."

கோபத்தை வடிகட்டும் கருவி துறையில் இருந்தது. அதற்கான அனுமதித் தாளில் வைகுந்தன் கையெழுத்துப் போடவில்லை.

நினைவு நாள் காலை பத்து மணிக்கு ஜெசிந்தாவின் துக்கம் நாடெங்கும் அலையாகப் பரவியது. ஓடிய பேருந்துகள் நின்றன. ஓட்டுநர்கள் ஸ்டியரிங்கில் முகம் புதைத்து அழுதார்கள். வைகுந்தன் மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கதறினார். மேடையில் அமைச்சருக்கும் கண் நிறைந்தது. விழா சிறப்பாக நடப்பதாக நினைத்துக்கொண்டார்.

மூன்றாவது நிமிடம் அழுகை நின்றது. நாட்டுப்பண் முடிந்தும் ஒருவரும் உட்காரவில்லை, கலையவுமில்லை. முன்வரிசையில் ஒரு சிப்பாய் தொண்டை கிழியக் கத்தினான்:

"விழா முடியட்டும்னு சொன்னது யாரு?"

மைதானமே அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்டது. தொலைக்காட்சிகளின் முன் நாடே கேட்டது.

ஒலிவாங்கியின் முன் அமைச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். அலை அவரையும் விடவில்லை. அவர் கண்டே இராத ஒரு வெல்டருக்காக அவர் நெஞ்சு வெடித்துக்கொண்டிருந்தது. கை தானாக விலகியது.

"நான்தான்," என்றார்.

கூட்டத்தில் நின்றிருந்த ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் மேடையை நோக்கி நடந்தாள். கூட்டம் அவள் பின்னால் வந்தது.