கறுப்புக் காரில் ஒரு விரல்ரேகை

கூடலூரில் ஆறாம் வகுப்புப் படிக்கும் அனுசுயாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மாலையில் பள்ளி விட்டு வந்ததும் அவள் பையை இறக்க மாட்டாள். கைகால் கழுவ மாட்டாள். வாசலில் நுழைந்த வேகத்திலேயே அலமாரியின் முன்னால் போய் நின்று, கண்களைச் சுருக்கிக்கொண்டு ஒரு காவலதிகாரியைப் போலப் பார்வையிடுவாள்.

அலமாரியின் நடுத்தட்டில் ஒன்பது பந்தயக் கார்கள் வரிசையாக நிற்கும். உண்மையான பந்தயக் காரை இருபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருக்கினால் என்ன அளவு வருமோ, அந்த அளவு; சுமார் ஒரு சாண் நீளம். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் சித்தப்பா ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு பெட்டி வாங்கி வருவார். பெட்டிக்குள் கார் இருக்காது. காராகப் போகிற நூறு துண்டுகள் இருக்கும். அவற்றை வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசிக் காராக்குவது அனுசுயாவின் வேலை.

ஒவ்வொரு காரின் முன்சக்கரத்துக்கு அருகிலும் தட்டில் ஒரு பென்சில் கோடு உண்டு. சக்கரம் கோட்டை விட்டு இம்மி நகர்ந்திருந்தாலும் விசாரணை தொடங்கிவிடும்.

“ஏலே சுரேஷ்கண்ணா, இங்கன வா. மூணாம் நம்பர் வண்டி நகந்திருக்கு.”

“நான் இல்லக்கா,” என்பான் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் தம்பி.

“அப்ப யாரு?”

“பல்லியா இருக்கும்.”

ஒருமுறை உண்மையிலேயே அது பல்லியாகத்தான் இருந்தது. சிவப்புக் காரின் ஓட்டுநர் இருக்கையில் அது சொகுசாக உட்கார்ந்திருந்ததை அனுசுயா தன் கண்ணாலேயே கண்டாள். ஆனாலும், அதை ஏற்றிவிட்டவன் தம்பிதான் என்று அவள் இன்றுவரை சந்தேகிக்கிறாள்.

இப்போது அவள் செய்து முடித்திருந்தது பத்தாவது கார். கண்ணாடி போல மின்னும் கறுப்பு. சனிக்கிழமை கம்பத்தில் நடக்கவிருந்த சிறுவர் கைவினைக் கண்காட்சிக்கு, அவர்கள் பள்ளியிலிருந்து இருவரை ஜெபஷீலா டீச்சர் தேர்ந்தெடுத்திருந்தார். ஒருத்தி அனுசுயா. இன்னொருத்தி அவளுடைய தோழி ஜெசிந்தா.

ஜெசிந்தாவும் பந்தயக் கார் செய்பவள்தான். ஆனால் அவளுக்குப் பெட்டி வாங்கித் தரும் சித்தப்பா கிடையாது. ரப்பர் செருப்பை வட்டமாக அறுத்துச் சக்கரம், தீர்ந்துபோன பேனா ரீஃபிலில் அச்சு, எண்ணெய் டின் தகரத்தில் உடல் என்று எல்லாவற்றையும் தானே உருவாக்குவாள். அவளுடைய அப்பா ஜீப் பழுதுபார்ப்பவர்.

போன வாரம் கறுப்புக் காரைப் பார்க்க வந்தவள் ஆசையோடு கையை நீட்டினாள்.

“தொடாத! உன் கையில கிரீஸ் இருக்கும்,” என்று அனுசுயா கத்திவிட்டாள்.

“சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் வந்தேன். வேணும்னா மோந்து பாரு,” என்றாள் ஜெசிந்தா. அதற்குப் பிறகு அவள் கையை நீட்டவே இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை ஒரு சிக்கல் வந்தது. கறுப்புக் காரின் பின்னால் பொருத்த வேண்டிய இறக்கை நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. பொறுமையிழந்த அனுசுயா, வழக்கமான பசையை ஒதுக்கிவிட்டு, வீட்டிலிருந்த சூப்பர் குளூவைத் தாராளமாகப் பிழிந்து ஒட்டினாள். அது ஆடி மாதம். மலையிலிருந்து வீசும் காற்று ஊரின் புழுதியையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டும்; கூடவே சாரலும் அடிக்கும். ஆகவே காரைத் தெளிந்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து மூடி, சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டுக் கடைக்குப் போனாள்.

புதன்கிழமை மாலை, வழக்கப்படி அலமாரியின் முன்னால் போய் நின்றவள் அலறிவிட்டாள்.

கறுப்புக் காரின் முன்கண்ணாடி, மார்கழி மாதத்து மலைப்பாதை போல வெள்ளை வெளேரென்று பனி மூடிக் கிடந்தது. அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. காரின் முன்மூடியின் மேல், நட்டநடுவில், ஒரு பெருவிரல் ரேகை வெள்ளையாகப் பதிந்திருந்தது! டப்பாவைச் சுற்றி ஒட்டிய டேப்பின் ஒரு முனையும் பெயர்ந்து நின்றது.

“யாரோ திறந்திருக்காக! எதையோ பூசியிருக்காக!”

முதல் விசாரணை தம்பிக்கு. ஆனால் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, அவன் விரல் அந்த ரேகையில் பாதிகூட இல்லை.

“நான் வளர்ந்தப்புறம் செய்யுறேன்க்கா,” என்று ஆறுதல் சொன்னான் சுரேஷ்கண்ணன்.

அம்மா முனீஸ்வரி அங்கன்வாடியில் வேலை பார்ப்பவர். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்.

“என்ன ஆத்தா, இந்தக் கூப்பாடு போடுற? நேத்து நீ கடைக்குப் போனப்ப ஜெசிந்தா வந்துச்சு. உள்ள உக்காரச் சொன்னேன். பத்து நிமிசம் இருந்துட்டு, ஒண்ணும் சொல்லாம போயிருச்சு. அது கிட்டக் கேட்டியா?”

அனுசுயாவின் மனத்துக்குள் எதுவோ சட்டென்று வாலை நிமிர்த்தி எழுந்து நின்றது. சந்தேகம் ஒரு பூனைக்குட்டி மாதிரி. ஒரு தரம் பால் வைத்துவிட்டால் பிறகு காலையே சுற்றிக்கொண்டிருக்கும். ஜெசிந்தா ஏன் வந்தாள்? தனியாக ஏன் உட்கார்ந்திருந்தாள்? ஏன் ஒன்றும் சொல்லாமல் போனாள்? இன்று பள்ளியில் ஏன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை?

வியாழக்கிழமை வகுப்பில் ஜெசிந்தா செய்த எல்லாமே அவளுக்குக் குற்றமாகத் தெரிந்தது. ஜெசிந்தா சிரித்தால், எதற்குச் சிரிக்கிறாள்? சிரிக்காவிட்டால், எதை மறைக்கிறாள்? ஜெசிந்தா கரும்பலகையைத் துடைத்துவிட்டு வந்தாள். அவள் விரல்களில் வெள்ளையாகச் சாக்பீஸ் தூள்! அதற்கு மேல் அனுசுயாவால் பொறுக்க முடியவில்லை.

“டீச்சர், என் காரை ஜெசிந்தா கெடுத்துட்டா!”

வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

“நானா?” என்று எழுந்தாள் ஜெசிந்தா.

“செவ்வாக்கிழமை எங்க வீட்டுக்கு வந்தியா, இல்லையா?”

“வந்தேன். ஆனா உன் காரை நான் தொடல.”

“அப்ப எதுக்கு வந்த?”

ஜெசிந்தா வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். அவள் முகம் சிவந்தது. பின்வரிசைத் தங்கபாண்டி, ஜெசிந்தா தொட்டுவிடாதபடி தன் ஜியாமெட்ரி பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அவனைப் பார்த்து இன்னும் மூன்று பேர் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

“அவ செஞ்சதை நீ பாத்தியாம்மா?” என்று கேட்டார் ஜெபஷீலா டீச்சர்.

“பாக்கல டீச்சர். ஆனா ரேகை இருக்கு.”

ஜெசிந்தா விறுவிறுவென்று டீச்சரின் மேசைக்குப் போனாள். அங்கிருந்த முத்திரை மையில் இரண்டு பெருவிரல்களையும் அழுத்தி, நோட்டிலிருந்து கிழித்த தாளில் பதித்து, அனுசுயாவின் முன்னால் வைத்தாள்.

“இந்தா. கொண்டுபோய் நல்லாப் பாரு. டீச்சர், கண்காட்சிக்கு நான் வரல. என் பேரை எடுத்துருங்க.”

டீச்சர் இருவரையும் பார்த்தார். “பட்டியல் நாளைக்கு மத்தியானம்தான் போகுது. அதுவரைக்கும் உன் பேரு இருக்கட்டும்,” என்றார்.

மாலையில் அனுசுயா பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தாள். ஜெசிந்தாவின் ரேகைகள் இரண்டும் வில்லைப் போல வளைந்து போயின. காரில் இருந்த ரேகையோ நத்தையின் ஓடு போலச் சுழன்று சுழன்று உள்ளே போனது. எப்படித் திருப்பிப் பார்த்தாலும் பொருந்தவில்லை.

“சரி, அப்ப அம்மாவா?” என்று அடுத்த சந்தேகம் கிளம்பியது. அம்மாவின் அங்கன்வாடி நீல மைப்பெட்டியையும் அதே தாளையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

“பெத்தவ மேலயே கேஸ் போடுறியா?” என்று சிரித்துக்கொண்டே விரலை நீட்டினார் அம்மா. பாத்திரம் தேய்த்துத் தேய்ந்துபோன ரேகை அது. பொருந்தவில்லை.

தாளைக் கொண்டுவந்து விளக்கருகில் வைத்தாள். திடீரென்று அவள் கண்கள் விரிந்தன. தாளின் ஓரத்தில் இன்னொரு நீல ரேகை இருந்தது. நத்தை ஓடு போன்ற சுழி. நடுவில் ஒரு சின்னப் பிளவு. காரில் இருந்ததும் அதே சுழி, அதே பிளவு!

“மாட்டிக்கிட்டாக! இந்தா இருக்கு! ஏலே, இந்தத் தாளைத் தொட்டது யாரு?”

“நீதான்க்கா கையில வச்சுக்கிட்டு சுத்துற,” என்றான் தம்பி.

அனுசுயா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். பெருவிரலில் நீல மை அப்பியிருந்தது.

இறக்கையை ஒட்டும்போது காரின் முன்மூடியை அந்த விரலால்தான் அழுத்திப் பிடித்திருந்தாள். ஆனால் விரல் பட்ட இடம் வெள்ளையாவது எப்படி? மற்ற கார்களையும் ஆயிரம் முறை தொட்டிருக்கிறாளே! இந்தக் காருக்கு மட்டும் புதிதாக என்ன செய்தாள்?

சூப்பர் குளூவின் குழாயை எடுத்துப் பொடி எழுத்துகளைப் படித்தாள். “காற்றோட்டமுள்ள இடத்தில் பயன்படுத்தவும்” என்று இருந்தது. அவளோ காற்றே புகாதபடி டேப் ஒட்டியிருந்தாள்.

உடனே இரண்டு டப்பாக்களை எடுத்தாள். மீதமிருந்த தெளிந்த பிளாஸ்டிக் துண்டுகள் இரண்டில் பெருவிரலைப் பதித்து, டப்பாவுக்கு ஒன்றாக வைத்தாள். ஒரு டப்பாவில் மட்டும் தாராளமாகப் பசையைப் பிழிந்தாள். இரண்டையும் இறுக மூடினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் திறந்து பார்த்தபோது, பசையில்லாத டப்பாவின் துண்டு தெளிவாகவே இருந்தது. பசையிருந்த டப்பாவில் அதே பனி. அதன் நடுவே அதே நத்தை ஓட்டுச் சுழி. வெளியேற வழியில்லாத பசையின் ஆவி, கண்ணாடியிலும் விரலின் பிசுக்கிலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. டேப்பின் முனை பெயர்ந்தது சாரலின் ஈரத்தால். குற்றவாளி பிடிபட்டுவிட்டாள். அவள் அலமாரியின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அன்று பள்ளிக்குப் போகும் வழி என்றுமில்லாத நீளமாக இருந்தது. ஜெசிந்தாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் பழியை அவள் தனியாகச் சொல்லவில்லையே!

முதல் மணி அடித்ததும் இரண்டு டப்பாக்களோடு வகுப்பின் முன்னால் போய் நின்றாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். “என் காரைக் கெடுத்தது நான்தான். ஜெசிந்தா மேல பொய்ப் பழி போட்டுட்டேன்,” என்று முடித்தாள். தங்கபாண்டி இன்றும் மடியில் வைத்திருந்த ஜியாமெட்ரி பெட்டியை மெதுவாகப் பெஞ்சின் மேல் வைத்தான்.

ஜெசிந்தா சிரிக்கவில்லை. “சரி,” என்று மட்டும் சொன்னாள்.

“கண்காட்சிக்கு வருவியா?”

“வந்து? கம்பத்துப் பள்ளிக்கூடத்துல தங்கபாண்டியோட அத்தை மக படிக்குது. இவன் அது கிட்டச் சொல்லி, அது ஊரெல்லாம் சொல்லியிருக்கும். ‘அடுத்தவ காரைக் கெடுத்த புள்ள இதுதான்’னு அங்கன என்னையத்தான் வேடிக்கை பாப்பாக.”

தங்கபாண்டி தரையைப் பார்த்துக்கொண்டான்.

அனுசுயா யோசித்தாள். அந்தக் கண்ணாடியை மெல்லத் தேய்த்தால் ஓரளவு தெளிவாகிவிடும். தேய்த்துவிட வேண்டும் என்றுதான் காலையில் நினைத்திருந்தாள். இப்போது ஓர் அட்டையை எடுத்து, கொட்டை எழுத்தில் எழுதி, ஜெசிந்தாவிடம் நீட்டினாள்.

‘இந்தக் காரின் கண்ணாடியைக் கெடுத்தவள் இதைச் செய்த அனுசுயா. ஜெசிந்தா இதைத் தொடவே இல்லை. அவள் மேல் நான் சொன்னது தவறு.’

“இதை அங்கன வைப்பியா? எல்லாரு முன்னாடியுமா?”

“காரையும் தேய்க்காம அப்படியே வைப்பேன்.”

“உனக்குப் பரிசு கிடைக்காது, தெரியும்ல?”

“தெரியும்.”

ஜெசிந்தா அட்டையை இன்னொரு முறை படித்தாள். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, “என் பேரு இருக்கட்டும் டீச்சர்,” என்றாள்.

“அன்னைக்கு எதுக்குத்தான் வீட்டுக்கு வந்த?” என்று அனுசுயா மெல்லக் கேட்டாள்.

“உன் பெட்டியில மீந்த ஸ்டீயரிங் ஏதாச்சும் இருந்தாக் கேக்கலாம்னு வந்தேன். கேக்க வெக்கமா இருந்துச்சு. போயிட்டேன்.”

“ஐயோ, ரெண்டு இருக்குடி! இன்னைக்கே தர்றேன்.”

“ஒண்ணும் வேணாம். சட்டைப் பித்தான்லயே செஞ்சுட்டேன். உன்னோடதை விட நல்லாச் சுத்துது.”

சனிக்கிழமை கம்பத்து மண்டபத்தில் நாற்பது மேசைகள் போட்டிருந்தார்கள். எங்கும் இல்லாத கூட்டம் அனுசுயாவின் மேசையில்தான் கூடியது. பளபளக்கும் கறுப்புக் காருக்கு வெள்ளைக் கண்ணாடி ஏன் என்று கேட்டுத்தான் எல்லோரும் நின்றார்கள். அட்டையைப் படித்தவர்களுக்கும் அது போதவில்லை. முழுக் கதையும் வேண்டியிருந்தது. வெட்கத்தில் காது சுட, அனுசுயா ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னாள். இரண்டு டப்பாக்களையும் காட்டினாள். தன் பெருவிரலையும் காட்டினாள். ஒவ்வொரு முறையும் பக்கத்து மேசையைச் சுட்டி, “அந்தச் செருப்புச் சக்கரக் கார் இருக்குல்ல, அதைச் செஞ்ச ஜெசிந்தா இதைத் தொடவே இல்ல,” என்று முடித்தாள்.

கேட்டவர்கள் அடுத்ததாகப் பக்கத்து மேசைக்குப் போனார்கள். தகரக் காரைக் குனிந்து பார்த்தார்கள். பித்தான் ஸ்டீயரிங்கைச் சுற்றிப் பார்த்தார்கள். தங்கபாண்டியின் அத்தை மகள்கூட வந்து, இரண்டு முறை சுற்றிவிட்டுப் போனாள்.

மதியத்துக்குள் அனுசுயாவின் தொண்டை கட்டிவிட்டது. முப்பதாவது தடவையோ நாற்பதாவது தடவையோ, அவளுக்கே எண்ணிக்கை தெரியவில்லை. அப்போது மேசையின் மேல் ஒரு தண்ணீர் பாட்டில் வந்து உட்கார்ந்தது.

“குடி,” என்றாள் ஜெசிந்தா. அவள் உதட்டின் ஓரத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. “அவசரமா முடிச்சிராத. இன்னும் அவ்வளவு பேரு வரிசையில நிக்கிறாக.”

அனுசுயா மடக்மடக்கென்று குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, வரிசையில் முதலில் நின்றவரைப் பார்த்து நிமிர்ந்தாள்.

“வாங்க, வாங்க. இந்தக் கண்ணாடியைக் கெடுத்தது நான்தான். எப்படின்னு சொல்றேன், கேளுங்க.”