முழங்கை அடித்த மணி

புதுப் பள்ளிக்கு நிர்வாக அதிகாரியாக வந்த வாரமே கணேஷ்குமார் பள்ளியைக் கலைத்துவிட்டார். டீ கிளாஸை எட்டி எடுக்கப்போன முழங்கை சுவரிலிருந்த சுவிட்சில் இடிக்க, பள்ளி விடும் மணி நீளமாக அலறியது. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள், இவரைப்போல ஒரு நிர்வாகி உண்டா என்கிற ஆரவாரத்தோடு, கொட்டும் மழையில் கேட்டைத் தாண்டி ஓடின. வேன்கள் ஒன்றுகூட வந்திருக்கவில்லை.

பெற்றோரிடம் போனில் மன்னிப்புக் கேட்டே அவர் தொண்டை கட்டிவிட்டது. எல்லோரும் வீடு சேர்ந்தாயிற்று என்றார்கள் டீச்சர்கள்.

அப்படியானால், மாடியில் பெஞ்சை இழுப்பது யார்?

"எல்லாப் பிள்ளைங்களும் போயாச்சுல்ல மேடம்?" என்று காரில் ஏறிவிட்ட பிரின்சிபால் ப்ரியம்வதாவைக் கேட்டார்.

"நீங்க முதல்ல செட்டில் ஆகுங்க சார்." கார் கண்ணாடி ஏறிக்கொண்டது.

வாட்ச்மேன் யூசுப் மாடிப்படிப் பக்கம் திரும்பவே இல்லை. "கைக்கு சாப், எதுக்கு டென்ஷன்? ஆயாவைக் கேளுங்க."

ஆயா வசந்தகுமாரியைக் காணவில்லை. ஏதோ ஒரு குழந்தை கழிவறையில் இருந்திருக்கும், மணி கேட்டு மிரண்டிருக்கும், எல்லாம் இந்தப் பாழாய்ப்போன முழங்கையால் என்று கணேஷ்குமார் தன்னையே திட்டிக்கொண்டார். அழுகிற பிள்ளைக்குக் கொடுக்கலாமென்று பிஸ்கட் பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொண்டு படியேறினார்.

மழை இருட்டில் மின்சாரமும் போயிருந்தது. ஈரச் சாக்ஸ், சாக்பீஸ் தூள், ஊறிய சுண்ணாம்புச் சுவர் எல்லாம் சேர்ந்த வாடை வராந்தாவில் கனமாக நின்றது. ஒர்க்‌ஷாப் பக்கமிருந்து வந்த ரயில் எஞ்சின் பெருமூச்சு அடங்கியதும், கடைசி வகுப்பறைக்குள் புத்தகப்பையின் ஜிப்பை யாரோ மெல்ல, மிக மெல்ல மூடுவது கேட்டது.

"வாம்மா. அங்கிள் திட்டமாட்டேன். திட்டு வாங்கவேண்டியவனே நான்தான்."

உள்ளே யாருமில்லை. ஒரு பெஞ்ச் மட்டும் வாசலை நோக்கித் திரும்பியிருந்தது. அதன் மேல் ஈரம்.

திரும்பி நடந்தார். பின்னால் சின்னச் செருப்புச் சத்தம். நின்றார். அதுவும் நின்றது. படியிறங்கினார். அதுவும் இறங்கியது. இடது கையில் சில்லென்று ஏதோ பட்டது. பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

கீழே, குடையோடு வசந்தகுமாரி நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்வை அவர் முகத்தில் இல்லை.

"மணிக்கு முன்னாடி தினம் நான் மாடிக்குப் போவேன் சார். 'இந்த மணி உனக்கில்லம்மா, நீ இரு'ன்னு சொல்லிட்டு வருவேன். அப்புறம்தான் அடிக்கிறது. உங்ககிட்ட சொல்றேன்னேன், பிரின்சிபாலம்மா நக்கோ, வேணாம்னுட்டாங்க."

"ஆயாம்மா, சுத்தி வளைக்காதீங்க." அவர் குரல் உடைந்தது. "பிள்ளைங்க எல்லாம் வீட்டுக்குப் போயாச்சா, இல்லையா?"

"உசிரோட வந்ததுங்க எல்லாம் போயாச்சு சார்." அவள் பார்வை அவருடைய இடது கையிலேயே இருந்தது. "மணி அடிச்சவரு கூட்டிட்டுப் போவாருன்னு இது கெளம்பிருச்சு."

குனிந்தார். சுண்டுவிரல் ரத்தம் வற்றி வெளுத்திருந்தது. இறுக்கிப் பிடித்த சின்னக் கைக்குள் இருப்பதுபோல அது கேட்டின் பக்கமாக, மெதுவாக, இழுபட்டது.