கடலைப் பார்த்த சிலிப்பர்

பினாங்குத் தீவில் பேய்களை ஒழிக்கத் தகுதியுள்ள ஒரே தமிழன் நான்தான் என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். ஹோட்டல் நிர்வாகத்தில் மூன்று செமஸ்டர் முடித்திருக்கிறேன். அதில் இரண்டில் பாஸ்.

அந்தத் தகுதியோடுதான் சிம்பாங் அம்பாட்டிலிருந்து பாலம் கடந்து, பத்து ஃபெரிங்கியில் ஒரு கடலோர ரிசார்ட்டுக்குப் பயிற்சிக்கு வந்து இறங்கினேன். வரவேற்பறைக்கு ஏற்ற முகம் இல்லையென்று தோட்டத்துக்கு அனுப்பினார்கள்.

பெரிய தோட்டம். தூங்குமூஞ்சி மரங்கள், அவற்றைத் தாண்டிச் செம்பருத்தி வேலி, வேலி முடியும் இடத்தில் நாலு கெம்போஜா மரங்கள். மலாய்க்காரர்கள் கல்லறையோரம் நடும் அதே வெள்ளைப் பூ. பொழுது சாய்ந்தால் அந்த வாசமும் உப்புக்காற்றும் ஈரப் புல்லும் கலந்து, யாரோ குளித்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றதுபோல் இருக்கும்.

அங்கேதான் கடற்கரைக்கு இறங்கும் படி. படியருகே கால் கழுவும் குழாய். மணலோடு தோட்டத்துக்குள் வரக் கூடாது என்று மூன்று மொழிகளில் பலகை. தமிழ் இல்லை. தமிழர்கள் மணலோடு வரலாம் என்று எடுத்துக்கொண்டேன்.

குழாயடியில் ஒரு ஜோடி நீல ரப்பர் ஜப்பான் சிலிப்பர், கடலைப் பார்த்தபடி. என்னோடு வேலை செய்த குமுதா அக்கா தினமும் வீட்டுக்குக் கிளம்பும்போது, குனிந்து அதைத் தோட்டத்தைப் பார்த்துத் திருப்பி வைப்பார்.

அவர் கணவர் சிவநேசனும் இங்கே தோட்டக்காரர்தான். இரண்டு வருடத்துக்கு முன், அலையில் மாட்டிய ஒரு விருந்தாளியை இழுக்க இறங்கினார். விருந்தாளி கரையேறிவிட்டார். சிவநேசன் கிடைக்கவேயில்லை. கழற்றிப் போட்ட சிலிப்பர்தான் மிச்சம்.

“அவருக்குக் கண்ணாடி இல்லன்னா ஒன்னும் தெரியாது தம்பி. கால் கழுவிட்டு வந்தா, அப்படியே நுழைச்சிக்கிட்டு இந்தப் பக்கம் வரணும்ல.”

“கூகள் மேப் அனுப்பிவிடுங்கக்கா. ஈசியா இருக்கும்.”

“ஃபோனும் அவரோட தண்ணியில போச்சுலா.” சிரிக்காமல் சொன்னார்.

“நின்னு பாத்திருக்கீங்களா?”

“பாக்கக் கூடாது. கூச்சப்படுவாரு.”

ஒருநாள் கெப்பாலா பத்தாஸில் தங்கச்சி வீட்டு விசேஷம் என்று அக்கா மதியமே கிளம்பினார். “இன்னைக்கு மட்டும் நீ திருப்பி வச்சிரு தம்பி. மறந்துறாத.”

மறக்கவில்லை. நினைவோடுதான் அப்படியே விட்டேன். அறிவியலுக்காக. ஃபோனில் வீடியோவை ஓடவிட்டு வேலியோரம் உட்கார்ந்தேன். மறுநாள் அதைக் காட்டி அக்காவுக்கு விடுதலை வாங்கிக் கொடுப்பது திட்டம்.

பள்ளிவாசலில் அந்தி நேர மக்ரிப் பாங்கு ஓய்ந்தது. காற்று நின்றது. கெம்போஜா வாசம் மட்டும் நகரவில்லை.

குழாய் திறந்தது.

அங்கே யாரும் இல்லை. தண்ணீர் நிதானமாக ஓடியது. ஒரு காலைக் கழுவிவிட்டு மறுகாலை நீட்டும்போது தண்ணீரின் சத்தம் மாறுமே, அப்படி மாறியது.

குழாய் மூடியது.

சிமெண்டில் ஓர் ஈரக் காலடி. பிறகு இன்னொன்று.

சிலிப்பர் அருகே வந்து நின்றன. ஓர் ஈரத்தடம் முன்னும் பின்னும் தடவித் தடவித் தேடியது.

“அண்ணே,” என்றேன். எனக்கே கேட்கவில்லை.

சிலிப்பர் நடந்தது.

டப். டப். டப்.

கடலைப் பார்த்து. படியிறங்கி, மணலில் சத்தமில்லாமல், அலை தொடும் இடம்வரை. அங்கே கொஞ்சம் நின்றது. வழி கேட்க ஆள் தேடுவதுபோல் இருந்தது.

பிறகு இல்லை.

வீடியோவில் இருபது நிமிடமும் செம்பருத்திதான் இருந்தது.

காலையில் அக்கா வெறும் சிமெண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் என்மேல் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சு?”

“கடல்.”

தலையாட்டினார். “தினம் காலையில ஈரமா இருக்கும் தம்பி. திரும்பக் கடலைப் பாத்துக் கழட்டிப் போட்டிருப்பாரு. ராவெல்லாம் நான் வச்ச செடியைச் சுத்திப் பாத்துட்டுப் போயிருக்காருன்னு நெனைச்சுக்குவேன். ஒரு ஆளுகிட்டயும் சொல்லல.” துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். “இப்ப எங்க கழட்டிப் போட்டிருக்காரோ.”

அதன்பிறகு அவர் குழாயடிப் பக்கம் வரவில்லை. மேற்பார்வையாளர் சாஹித்திடம் கேட்டு, தோட்டத்தின் மறுகோடிக்கு மாற்றிக்கொண்டார். தினமும் காலையில் நான்தான் போய்ப் பார்த்தேன். சிமெண்ட் காய்ந்தே கிடந்தது. ஒன்பது நாள்.

பயிற்சியின் கடைசி நாள், ரிசார்ட்டில் ஒரு கல்யாண விருந்து. அக்கா இருட்டும்வரை தங்க வேண்டியிருந்தது. தூரத்தில் அவர் இலை கூட்டும் சத்தம் கேட்டது.

பாங்கு ஓய்ந்ததும் குழாயடிக்குப் போனேன். என் சிலிப்பரைக் கழற்றினேன். குனிந்து, தோட்டத்தைப் பார்த்து வைத்தேன். நேராக இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தேன். கண்ணாடி இல்லாதவர்.

வெறுங்காலோடு வேலியைத் தாண்டும்போது, பின்னால் குழாய் திறந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. கூச்சப்படுவார்.

ஒரு கால். மறு கால். மூடியது.

டப். டப்.

என் பக்கம்தான் வந்தது. வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். ஈரக்காற்று தோளை உரசிக்கொண்டு போனது.

கொஞ்ச நேரத்தில், தோட்டத்தின் மறுகோடியில் துடைப்பச் சத்தம் நின்றது.