சுண்டெலி, பல்லன், பெரியப்பா

சிட்டுவின் அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. தன் சமையற்கூடத்தில் இருக்கும் ஒவ்வொரு கத்திக்கும் அவர் ஒரு பெயர் வைத்திருந்தார்.

அகலமாக, கனமாக, ஒரே போடில் பூசணியைப் பிளந்துவிடும் கத்தியின் பெயர் பெரியப்பா. வாய் நிறையப் பல்லோடு ரொட்டி அறுக்கும் கத்தி பல்லன். விரல் நீளத்தில் துறுதுறுவென்று இருப்பது சுண்டெலி.

"பெரியப்பாவைக் கழுவித் தொடைச்சு ஆணியில மாட்டியாச்சா?" என்று அப்பா கேட்பார். புதிதாக வந்தவர்கள் யாராவது காதில் வாங்கினால் பயந்தே போவார்கள்.

நறுக்குவதற்கும் பெயர்கள் இருந்தன. வட்ட வட்டமாக நறுக்கினால் காசு. சின்னச் சின்னக் கட்டிகளாக என்றால் பகடை. மெல்லிசாக, நீளமாக என்றால் தீக்குச்சி. பொடிப்பொடியாக என்றால் தூறல். இவற்றில் பாதிப் பெயர்கள் சிட்டு வைத்தவை. தூறல் முழுக்க முழுக்க அவளுடையது.

அப்பா அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்புகிறவர். அங்கே வேலை செய்கிற அக்கா, அண்ணன் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அடுப்பு இரைச்சலில் அவர் குரல் எடுபடாது. சிட்டுவின் குரலோ தெருமுனை வரை போகும். அதனால் விடுமுறை நாட்களில் அப்பாவின் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, அதன்மேல் சிட்டு ஏறி நிற்பாள். அப்பா மெதுவாகச் சொல்வார். அவள் கத்துவாள்.

"கேரட்டு தீக்குச்சீ! வெங்காயம் தூறல்!"

உடனே எல்லாக் கத்திகளும் தடதடவென்று ஓடத் தொடங்கும். உலகத்திலேயே நல்ல இடம் அந்த முக்காலிதான் என்பது சிட்டுவின் எண்ணம்.

அப்போதுதான் அத்தை மகள் வந்து சேர்ந்தாள்.

அத்தை வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு போட்டிருந்தாள். அதனால் விடுமுறை முடியும் வரை மகள் மாமா வீட்டில். சிட்டுவின் வயதுதான். இரட்டைச் சடை, கக்கத்தில் ஒரு புத்தகம்.

வந்த அன்றே சமையற்கூடத்தைச் சுற்றிப் பார்த்தவள், "மாமா, இந்தப் பெரிய கத்திக்கு இங்கிலீஷ்ல கிளீவர்னு பேரு. குட்டியா இருக்கே, அது பேரிங் நைஃப்" என்றாள்.

"அப்படியா!" அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"நறுக்கறதுக்கும் தனித்தனியா பேரு இருக்கு மாமா. ஸ்லைஸ், சாப், டைஸ், மின்ஸ், ஜூலியன்..."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "ஜூலியனா? யாரும்மா அது? புதுசா வேலைக்கு வர்றாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாதான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். "அடேயப்பா! இது புள்ளையா, டிக்‌ஷனரியா?"

அன்றிலிருந்து அவள் பெயர் டிக்‌ஷனரி ஆகிவிட்டது. சிட்டு மட்டும் சிரிக்கவில்லை. பச்சை மிளகாயைக் கடித்ததுபோல் உள்ளே எங்கோ எரிந்தது.

மறுநாள் அப்பா ஒரு செய்தியோடு வந்தார். ஒரு பெரிய அலுவலகத்துக்குத் தினமும் சாப்பாடு வேண்டுமாம். வெள்ளிக்கிழமை அதன் மேலாளர் அம்மா நேரில் வந்து பார்ப்பாராம்.

"அந்தம்மாவுக்கு நம்ம பேச்சு வராதாம். எதை எப்படி நறுக்கணும்னு இங்கிலீஷ்லதான் சொல்லுவாங்களாம். அவங்க கண்ணு முன்னாடியே செஞ்சு காட்டணும். எனக்கு அந்த இங்கிலீஷெல்லாம் எங்க தெரியும்?"

"நான் சொல்லித் தர்றேன் மாமா!" என்றாள் டிக்‌ஷனரி.

"நீதான்மா அன்னைக்கு முக்காலியில நிக்கணும்."

ஏதோ உப்பை எடுத்துக் கொடு என்பதுபோல் சொல்லிவிட்டு அப்பா போய்விட்டார். சிட்டுவுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏன்டி மூஞ்சி இப்படி உப்பிக் கெடக்கு? குளவி கொட்டிடுச்சா?" என்று கேட்டாள் அம்மா.

"ஒண்ணுமில்ல."

அதற்குப் பிறகு அப்பா பல் தேய்க்கும்போதும் "மின்ஸ், மின்ஸ்" என்று நுரையோடு முணுமுணுத்தார். டிக்‌ஷனரி பாடம் நடத்தும் போதெல்லாம் சிட்டு கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டாள். எங்கேயாவது தப்பு விடுவாள், பிடித்துவிடலாம் என்றுதான். ஒரு தப்பும் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு எல்லா வார்த்தையும், எது எந்தச் சமையலுக்கு என்று டிக்‌ஷனரி படித்ததும் அவள் மண்டையில் வேறு ஏறிவிட்டது. ஜூலியன் என்றால் தீக்குச்சி, மின்ஸ் என்றால் தூறல் என்று தானாகவே ஜோடி சேர்ந்துகொண்டன. அது இன்னும் கடுப்பாக இருந்தது.

வியாழக்கிழமை டிக்‌ஷனரி மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சிட்டு, தூறல்னா எப்படி இருக்கும்? சொல்லேன்."

"மாட்டேன். அது எங்க வார்த்தை."

"எனக்கு மட்டும்."

"உன்கிட்டதான் அவ்வளவு இருக்கே! இதுவும் வேணுமா?"

டிக்‌ஷனரி சடை நுனியை வாயில் வைத்துக் கடித்தாள்.

"என்னோடது புஸ்தகத்துல இருக்கறது. யாரு வேணாலும் படிச்சுக்கலாம். உன்னோடது நீயும் உங்கப்பாவும் சேர்ந்து வச்சது" என்றாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

சிட்டு காதில் விழாததுபோல் இருந்தாள். ஆனால் நன்றாகவே விழுந்தது.

வெள்ளிக்கிழமை மேலாளர் அம்மா வந்தார். தங்க விளிம்புக் கண்ணாடி, கறாரான முகம். டிக்‌ஷனரி முக்காலியில் நின்றாள். சிட்டு தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நின்று, ஏற்கெனவே கழுவிய முட்டைக்கோஸை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

மேலாளர் அம்மா ஏதோ சொன்னார். டிக்‌ஷனரி கத்தினாள்.

"கேரட் ஜூலியன்! உருளைக்கிழங்கு டைஸ்! வெங்காயம் மின்ஸ்!"

ஒரு கத்தியும் அசையவில்லை.

வார்த்தைகளை அப்பா மனப்பாடம் செய்தார், சரி. நறுக்குகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை!

"ஜூலியன்னா வட்டமா, நீட்டமா?" என்று கிசுகிசுத்தாள் வெங்காய அக்கா.

"வட்டம்னு நெனைக்கிறேன்" என்றார் பக்கத்தில் நின்ற அண்ணன்.

கேரட்டெல்லாம் காசு காசாக விழுந்தது. உருளைக்கிழங்கு பொடியாகிப் போனது. மேலாளர் அம்மாவின் புருவம் மேலே ஏறியது. அப்பாவுக்கோ பதற்றத்தில் படித்ததெல்லாம் மறந்துவிட்டது.

"எப்படி இருக்கும்னு நறுக்கறவங்களுக்குச் சொல்லும்மா!"

"அது... அது வந்து..." டிக்‌ஷனரி முக்காலியில் நெளிந்தாள். "எனக்குப் பேரு மட்டும்தான் தெரியும் மாமா. புஸ்தகத்துல படம் இல்ல."

நல்லா வேணும் என்று சிட்டுவின் மனசு ஒரு குதி குதித்தது.

"சிட்டு! நீ வா, ஏறு!" என்று கூப்பிட்டார் அப்பா.

நாலு நாளாக அவள் காத்திருந்த வார்த்தை அது. டிக்‌ஷனரி ஒரு காலைக் கீழே வைத்தாள். அவள் காது இரண்டும் சிவந்திருந்தன. வெங்காயத்துக்குப் பக்கத்தில்கூடப் போகாத கண்களில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. சடை நுனி மறுபடியும் வாய்க்குப் போயிருந்தது.

சிட்டு ஓடினாள். முக்காலிக்கு அல்ல, மூலையில் கிடந்த தக்காளிப் பெட்டிக்கு. காலிப் பெட்டியை இழுத்து வந்து, முக்காலிக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டாள். அதன்மேல் ஏறினாள்.

"இறங்காதடி! அவங்க சொல்றதை நீ சொல்லு. அதுக்கு நம்ம பேரை நான் சொல்றேன்."

"நம்ம பேரா?"

"ஆமா, நம்ம பேருதான். சீக்கிரம் சொல்லு!"

டிக்‌ஷனரி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கேரட் ஜூலியன்!"

"தீக்குச்சீ!"

"உருளைக்கிழங்கு டைஸ்!"

"பகடே!"

"வெங்காயம் மின்ஸ்!"

சிட்டு ஒரு நொடி தயங்கினாள். பிறகு டிக்‌ஷனரியைப் பார்த்து, அவளுக்கென்றே சொல்வதுபோல், "தூறல்!" என்றாள்.

அவ்வளவுதான். கத்திகள் தடதடவென்று ஓடின.

"பூசணிக்குக் கிளீவர்!"

"பெரியப்பாவை எடுங்க!"

"ரொட்டிக்கு பிரெட் நைஃப்!"

"பல்லா, வெளிய வா!"

மேலாளர் அம்மாவின் புருவம் மெல்லக் கீழே இறங்கியது. நறுக்கிய காயில் வைத்த சூப்பைக் குடித்துப் பார்த்தார். இன்னொரு கிண்ணம் கேட்டார். போகும்போது டிக்‌ஷனரியிடம் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்று அப்பா துண்டைப் பிசைந்தார்.

"திங்கட்கிழமையிலேர்ந்து சாப்பாடு அனுப்பச் சொல்றாங்க மாமா! அப்புறம்... 'பெரியப்பான்னு யாரையோ கூப்பிட்டீங்களே, கடைசி வரைக்கும் அவர் வரவே இல்லையே?'ன்னு கேக்கறாங்க."

வெங்காய அக்கா சிரித்த சிரிப்பில் ஒரு கூடை வெங்காயம் தரையில் உருண்டது.

சாயங்காலம் அப்பா டிக்‌ஷனரியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அவள் கையில் சுண்டெலியையும் ஒரு கேரட்டையும் கொடுத்தார். அவள் நாக்கைத் துருத்திக்கொண்டு நறுக்கினாள். ஒரு துண்டு படகு மாதிரி வந்தது. ஒன்று பல் மாதிரி. இன்னொன்று எது மாதிரியும் இல்லை.

அப்பா ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தார். "இதுக்கு இங்கிலீஷ்ல என்னம்மா பேரு?"

டிக்‌ஷனரி யோசித்தாள். உதடு அசைய அசைய ரொம்ப நேரம் யோசித்தாள். "இதுக்குப் பேரே இல்ல மாமா."

"இருக்கே" என்றாள் சிட்டு. "இது டிக்‌ஷனரி வெட்டு."

முதலில் சிரித்தது டிக்‌ஷனரிதான்.

மறுநாள் காலையில் அப்பா சூப்புக்குத் தண்ணீர் வைத்தார். பக்கத்தில் ஒரு முக்காலி, ஒரு தக்காளிப் பெட்டி. அவர் மெதுவாக என்னவோ சொல்ல, இரண்டு குரல்கள் ஒன்றாகத் தெருமுனை வரை போயின.

"கேரட்டு டிக்‌ஷனரீ!"